குல்மார்க் போகிறவர்கள் பாதத்தை அளந்துகொண்டு போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை மாதங்களில் காஷ்மீரின் குல்மார்க்குக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா அறிவிப்புகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கண்ணில் படும் இவ்வேளையில், அங்கே பனிச்சறுக்குக்கு வாடகைக்குத் தரப்படும் பூட்ஸைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு போயிருந்த நான், செருப்பு வாங்கும் பழக்கத்திலேயே, தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு நம்பர் கூடுதலாகக் கேட்டு வாங்கி, குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸும் மாட்டிக்கொண்டேன். சரிவில் இறங்கும்போதெல்லாம் குதிகால் மேலெழும்பி, பாதம் முன்னால் வழுக்கி, பெருவிரல் பூட்ஸின் கெட்டியான பிளாஸ்டிக் வெளி ஓட்டில் இடித்துக்கொண்டே இருந்ததில், ஊர் திரும்புவதற்குள் நகம் கறுத்துவிட்டது. விரல் நொந்தால் பூட்ஸ் சிறியது என்றுதான் நினைப்போம். பெரிதாக இருந்தாலும் அதே நோவுதான்.

இந்தப் பூட்ஸின் அளவு, சென்டிமீட்டரில் சொல்லப்படும் பாத நீளமே ஆகும். குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் ஊன்றி நின்று, மிக நீண்ட விரலின் நுனிவரை அளந்து 26.5 வந்தால், 26.5 என்றே கேட்க வேண்டும். (பூட்ஸின் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் மூன்று இலக்க எண் அடிப்பாகத்தின் நீளம், சறுக்குப் பலகையின் பிடியைப் பொருத்துபவருக்குத்தான் அது தேவை.) ஐயமிருந்தால், உள்ளிருக்கும் மெத்தென்ற உறையை உருவிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்பக்கத்தை மெல்லத் தொடும்படி நின்று பார்க்கலாம், குதிகாலுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. உறையோடு மாட்டியபின், நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்னால் லேசாக உரசுவதும், முழங்காலை மடக்கிச் சாய்ந்தால் அது விலகுவதும் சரியான அளவுக்கு அடையாளம். சாக்ஸ் மெல்லியதாக ஒன்று போதும்.

ஆண்டு முழுவதும் ரப்பர் செருப்பிலேயே நடந்து விரல்கள் விரிந்த என்னைப் போன்றவர்களுக்கு அகலம்தான் பெரிய சிக்கல். முன்பாதப் பகுதியில் உள் அகலம் சுமார் 98 மில்லிமீட்டர் உள்ள பூட்ஸ் ஒடுக்கமானது, 102க்கு மேல் அகலமானது. பாதம் நெரிந்தால் அகலமானதைக் கேட்க வேண்டுமே தவிர, நான் செய்தது போல நீளத்தைக் கூட்டக் கூடாது.

சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் ஆதார் நகல் வாங்கும்போதே ஒவ்வொருவரின் பாத நீளத்தையும் குறித்து, வாடகைக் கடைக்கு முன்கூட்டியே தெரிவித்தால், காலை நெரிசலில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொள்ளும் நிலை பயணிகளுக்கு வராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.