ரிமாண்ட் தேதியை முதலில் பார்

அன்புள்ள கயல்,

அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்த முதல் வாரமே கொலை வழக்கு ஜாமீன் மனு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எந்த வழக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கமாட்டேன். பொதுவாக எழுதுகிறேன்.

வழக்குக் கட்டைப் பிரித்ததும் வெட்டுக்காயப் பட்டியலுக்குப் போகாதே. ரிமாண்ட் தேதியைப் பார். மாஜிஸ்திரேட் முதன்முதலில் காவலில் வைத்த நாளிலிருந்து கணக்கு. அந்த நாளும் சேரும். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் மே 29 தொண்ணூறாம் நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187ஆம் பிரிவின்படி மே 30 முதல் ஜாமீன் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், உரிமை. கொலை வழக்கில் பொதுவாக ஜாமீன் தர முடியாத மாஜிஸ்திரேட்டே இதைத் தந்தாக வேண்டும். காலையில் மனு போட்டபின் மாலையில் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு ஓடிவந்தாலும் உரிமை போகாது. 2020இல் ரவீந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. அதனால் இரண்டிலும் தேதியோடு மணியையும் குறிக்கச் சொல். பணம் கட்டினால்தான் விடுவேன் என்ற நிபந்தனையும் இங்கே செல்லாது. நம்மூர் சரவணன் வழக்கில் 8 லட்சம் கட்டச் சொன்னது அதே ஆண்டு ரத்தானது.

நாள் கணக்கு இடம் தராதபோதுதான், அமர்வு நீதிமன்றம் ஜாமீன் தரும் அதே சட்டத்தின் 483ஆம் பிரிவு. அரசு வழக்கறிஞரான பி.பி.க்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால், 15ஏ பிரிவின்படி இறந்தவர் குடும்பத்துக்கும் தகவல் போயிருக்க வேண்டும். அது இல்லாமல் போட்ட ஆணை மேலே நிற்காது.

அடுத்து, ஆளுக்கு ஆள் பிரித்துப் படி. ஏ1, அதாவது முதல் எதிரி, அரிவாளால் வெட்டினார், ஏ4 பைக் ஓட்டினார், ஏ6 பெயர் எஃப்.ஐ.ஆரிலேயே இல்லை, ஏ1 வாக்குமூலத்தில் மட்டும் வருகிறது என்றால் மூவருக்கும் ஒரே பத்தி எழுதக்கூடாது. 'ஏ5க்குக் கிடைத்தது, எனக்கும் கொடுங்கள்' என்றால் ஏ5இன் பங்கு என்ன என்று பார். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவாகி எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது? நேரில் பார்த்த சாட்சி உண்டா, இறந்தவரைக் கடைசியாக எதிரியோடு சேர்த்துப் பார்த்த சாட்சி மட்டுமா? அவர்கள் எதிரியின் தெருவிலேயே இருக்கிறார்களா? சாட்சியைக் கலைப்பார் என்ற பயத்துக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் ஆதாரம், பி.பி.யின் அச்சடித்த ஆட்சேபனை வாசகம் ஆதாரமாகாது. முந்தைய வழக்கு ஏழு என்று பட்டியல் வரும். எத்தனை விடுதலையானது, எத்தனை நிலுவை என்று கேள்.

இதையெல்லாம் பார்க்கலாம், தீர்ப்பு எழுதக்கூடாது. விவசாயிகள் மீது காரேற்றிக் கொன்றதாகச் சொல்லும் உ.பி. லக்கிம்பூர் கேரி வழக்கில், பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிக் காயம் இல்லை என்பது போன்றவற்றை உயர் நீதிமன்றம் எடைபோட்டுக் கொடுத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாதிக்கப்பட்டோரைச் சரியாகக் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம். 'வழக்கின் தன்மையைக் கருதி' என்ற ஒற்றை வரியும் உதவாது. காரணம் இரண்டு பக்கம் போதும், ஆனால் இருக்க வேண்டும்.

நிபந்தனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழிக்குப் பழி ஓடும் ஊரில், தினமும் காலை 10.30க்கு உள்ளூர் ஸ்டேஷனில் கையெழுத்து என்று எழுதினால் எதிர்த்தரப்புக்கு நேரமும் பாதையும் நீயே எழுதிக் கொடுத்த மாதிரி. கையெழுத்துப் போடப் போன வழியில் வெட்டிக் கொன்ற செய்தி நம் பேப்பர்களில் புதிதல்ல. வேறு மாவட்டத்தில் தங்கச் சொல். அங்குள்ள ஸ்டேஷனைக் குறி.

ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்காதே. ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் என்று தள்ளியதை 1978இலேயே மோதிராம் வழக்கில் கண்டித்தாகிவிட்டது. ஆணை நகல் அன்றே அல்லது மறுநாளே சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். 7 நாளில் எதிரி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், யாரும் மனு போடாமலே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீ யோசிக்கலாம். பெஞ்ச் கிளார்க்கிடம் இதற்கென்று தனி நோட்டு போடச் சொல்.

அம்மா ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள்.

அப்பா