உயிலில் பங்கு கேட்கும் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"உங்கள் உயிலில் எங்களுக்கும் ஒரு பங்கு எழுதுங்கள்" என்று கேட்கிறீர்கள். கேட்பதில் தவறில்லை. எத்தனையோ நூலகங்களும் மருத்துவமனைகளும் அப்படி வந்த பணத்தில் எழும்பியவைதான். ஆனால் கேட்டதோடு உங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறீர்கள்.

ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பரில் பாரிசில் தன் உயிலில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். பரிசுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகளிடம் "செய்வீர்களா?" என்று அவர் முன்கூட்டிக் கேட்கவேயில்லை. பணத்தைப் பெற்று நிர்வகிக்க ஓர் அமைப்பும் அப்போது கிடையாது. உறவினர்களில் சிலர் உயிலை எதிர்த்தார்கள். நிறைவேற்றுநராக அவர் நியமித்திருந்த ராக்னர் சோல்மனுக்கு அப்போது 26 வயது. அவர் விடாமல் அலைந்தும் முதல் பரிசு கொடுக்க 1901 ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஒரு சோல்மன் வாய்ப்பாரா?

அதனால் உங்களுக்கு எழுதிவைக்க வருபவரிடம், "வீட்டில் சொல்லிவிட்டீர்களா?" என்று முதலில் கேளுங்கள். பெற்றவர் போன பிறகுதான் உயிலில் உங்கள் பெயரைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் கண்ணுக்கு நீங்கள் வயதானவரை மயக்கி எழுதி வாங்கியவர்கள். அவரே உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் கோபப்படுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். ஆனால் "அப்பா சுயநினைவோடுதான் எழுதினாரா?" என்ற கேள்விக்கு அவ்வளவாக இடமிருக்காது.

அப்புறம், குறிப்பிட்ட தொகையை எழுதச் சொல்லாதீர்கள். கடைசிக் கால மருத்துவச் செலவிலும் கடனிலும் சொத்து கரைந்துபோகலாம். பொதுவாக, குறிப்பிட்ட தொகைகளைக் கொடுத்த பிறகுதான் மிச்சத்தைப் பிரிப்பார்கள். மிச்சம் மனைவிக்கு என்று எழுதியிருந்தால், உங்களுக்கு முழுத் தொகையும் வரும், அவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாம். கடன் போக மிஞ்சுவதில் ஒரு பங்கு என்றால் எல்லோருக்கும் அளவோடு குறையும்.

உங்கள் ஊழியர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். சட்டம் இடம் கொடுத்தாலும் வேண்டாம்.

நிபந்தனைகள் விஷயத்தில்தான் உங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். "இந்த ஒரு நோய்க்கு மட்டும்", "இந்தக் கட்டடத்துக்கு மட்டும்" என்று ஒருவர் எழுதும்போது, நன்கொடை கைநழுவிவிடுமோ என்று பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். பிறகு அதை மாற்றித் தரச்சொல்லி நீதிமன்றம் போகிறீர்கள். முடியாது என்றால் அவர் இருக்கும்போதே முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சிலர் பின்வாங்குவார்கள். சரி, பின்வாங்கட்டும்.

அடுத்த துண்டறிக்கையில் உங்கள் பதிவுப் பெயரை முழுதாகவும், எந்த நிபந்தனைகளை ஏற்க மாட்டீர்கள் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உயிலில் உங்களுக்கும் எழுத நினைக்கும் ஒருவர்