ஓராண்டு நிறைவில் ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவினர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தறிக்காரச் சகோதரர்களுக்கும், என்னை முன்பின் அறியாமலேயே எனக்கு உதவியவர்களுக்கும் வணக்கம்.

என் மனைவி காலமாகி வருகிற ஐப்பசியில் ஓராண்டு நிறைகிறது. அப்போது வந்து நின்றவர்களுக்கெல்லாம் கை கூப்பியதோடு சரி. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது எதுவும் அன்று என் மனத்தில் பதியவில்லை. இப்போது ஓரளவு உண்ணவும் உறங்கவும் வேலை பார்க்கவும் முடிகிற நிலையில், "அனைவருக்கும் நன்றி" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரியில் முடித்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. இன்னார் இன்ன உதவி செய்தார் என்று எடுத்துச் சொல்வதே செய்தவர்களுக்கு நான் காட்டும் மரியாதை என்று நினைக்கிறேன். பெயர்களை மட்டும் எழுதவில்லை. இவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள். படிக்கும்போது அவரவருக்குத் தம்மைத் தெரிந்துவிடும்.

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையே உள்ள ஊர்களில் பலரையும் போல நாங்களும் கூலிக்கு நெசவு செய்கிறவர்கள். பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடும் நூல்) வியாபாரி தருவார். நாங்கள் வெளுக்காத, சாயமேற்றாத காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். தறி ஓட்டுவது என் பொறுப்பு. தார் சுற்றுவதும் (ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றுவது), நூல் கணக்கும், கூலிக் கணக்கும், கரண்டு பில்லும் அவள் பொறுப்பு. வீட்டை ஒட்டியே பட்டறை இருப்பதால், தறி ஓடுகிற சத்தத்தில் எங்களால் நன்றாகத் தூங்க முடியும். அது நின்றால்தான் விழிப்பு வரும். அவள் போன பிறகு தறிகள் நின்றுவிட்டன, எனக்குத் தூக்கமும் போய்விட்டது. படுத்த சிறிது நேரத்தில் விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது வழக்கமாகிவிட்டது.

எங்கள் பக்கத்து எழவு வீடுகளில் பெண்கள் உள்ளே கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஆத்தாக்கள் இருந்தால் அந்த அழுகைக்கு ஒரு வடிவமும் கிடைத்துவிடும். ஆண்கள் வெளியே பந்தலடியில் உட்கார்ந்து மழையையும் கூலி உயர்வையும் பற்றிப் பேசுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் எத்தனையோ பந்தல்களில் அப்படி உட்கார்ந்து எழுந்து வந்தவன்தான். ஆனால் பேரூர் நொய்யல் கரையில் காரியம் முடிந்து, கருமாதிச் சாப்பாடும் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, அழாத ஆணுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எனக்கு உண்மையில் சிரமம் தொடங்கியது அதன் பிறகுதான்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் "என்ன உதவி வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று நல்ல மனத்தோடு சொல்லிச் சென்றார்கள். அந்த நிலையில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவும் தெரியாது, போனை எடுத்துக் கேட்கவும் கை வராது. அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒரு தூக்குப்போசியில் சாப்பாடு வந்தது: ஒருநாள் அரிசிம்பருப்புச் சாதம், ஒருநாள் சந்தவை, ஒருநாள் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும். வைத்துவிட்டு, "சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி, போசிய மட்டும் கழுவிக் குடுத்துரு சாமி, எனக்கு வேற போசி இல்ல" என்பார். பாதி நாள் சோற்றை மாட்டுக்குத்தான் வைத்தேன். ஆனால் போசியைக் கழுவுவதற்காகவேனும் கட்டிலை விட்டு எழுந்து, தண்ணீர் மோந்து, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்து, தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் நான் செய்த ஒரே வேலை அதுதான். அக்கா வீட்டு அலமாரியில் போசிகள் வரிசையாக இருப்பதைப் பின்னால் ஒருநாள் பார்த்தேன், கேட்கவில்லை.

அடுத்து, பட்டறை சம்பந்தப்பட்டவர்கள். பாவு கொடுத்த வியாபாரிக்கு அவசர ஆர்டர் இருந்தும், பாவை இறக்கி வேறு பட்டறைக்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தார். பக்கத்துப் பட்டறைத் தம்பி, பங்காளி முறை, தன் தறிகளை ஓட்டிவிட்டு இரவில் வந்து எங்கள் தறிகளில் இரண்டை ஓடவிட்டார். "ஏனுங்ணா, சும்மா கெடந்தா துருப்புடிச்சுப் போயிருங்க" என்பதுதான் அவர் சொன்ன காரணம். எங்களிடம் வேலை பார்க்கும் ஒடிசாத் தம்பி, தறி நின்ற நாள்களில் அதிகக் கூலி தருவதாகச் சொன்ன இடங்களுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. எல்லா வேலையும் தெரிந்தவர், ஆனாலும் தார் தீரும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, "அண்ணா, தார் தீந்துருச்சுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தார் சுற்றும் மிஷினை ஓட்ட முதலில் என்னால் முடியவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை, தானே சுற்றிக்கொள்ளவும் இல்லை. தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நானே போய் உட்கார்ந்தேன்.

இறப்புப் பதிவை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று நினைவூட்டிச் செய்து கொடுத்தவர்களுக்கும், வாரிசுச் சான்றிதழுக்கு என்னோடு அலைந்த மைத்துனருக்கும், கரண்டு மீட்டரைக் கவனித்துக்கொண்ட தறிச் சங்கத்துப் பெரியவருக்கும் நன்றி. இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை விசைத்தறிக்கு இலவசம் என்பதும், அதற்கு மேல் ஓடினால் எவ்வளவு வரும் என்பதும் அவளுக்கு விரல்நுனியில் இருந்த கணக்கு. எனக்கு எழுதிக் காட்டிக் கற்றுக் கொடுத்தவர் அந்தப் பெரியவர்.

இனிச் சொல்வது, எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்த விஷயம். எழுதத்தான் வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் அம்மிணி ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வருவார். அந்த முறை வந்தபோது, போன முறை கொடுத்த அட்டை பிரிக்கப்படாமலேயே சன்னலில் கிடப்பதைக் கவனித்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய், மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து வந்தார். செவிலியர் கையில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருந்தது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது விருப்பம் இருந்ததா, நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு நாளும் இல்லையா, சில நாளா, பாதி நாளுக்கு மேலா, ஏறக்குறைய தினமுமா என்று குறித்துக்கொண்டார். ஒன்பதாவது கேள்வியையும் அதே குரலில், கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "செத்துப் போயிட்டா தேவலைன்னு தோணுதுங்களா?"

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிட்டதாகிவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். பெற்ற மகளிடமும் உடன்பிறந்தவர்களிடமும் சொல்ல முடியாததை, யாரோ ஒருவர் பதறாமல் கேட்டதும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்தது. அவர் அதிர்ச்சியும் அடையவில்லை, "இப்படியெல்லாம் நினைக்கலாமா" என்று புத்தியும் சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறைத் தம்பியை வரவழைத்து, தோட்டத்துச் சாளையில் இருந்த பூச்சிமருந்தையும் வீட்டில் இருந்த தேவையற்ற மாத்திரைகளையும் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொன்னார். இரவு என்னைத் தனியே விடக்கூடாது என்றார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா அரசு மருத்துவமனைக்கு வரும் நாளைக் கேட்டறிந்து, அன்று தானே வந்து வரிசையில் என்னோடு உட்கார்ந்தார்.

அந்த மருத்துவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. மனைவியை இழந்தவன் அழுவதும், சாப்பாடு இறங்காமல் இருப்பதும், அவள் குரல் கேட்டதுபோல் திரும்பிப் பார்ப்பதும் துக்கம்தான், அதற்கு மருந்து தேவையில்லை என்று முதலில் சொன்னார். துக்கம் வந்து வந்து போகும், நடுவில் பழையதை நினைத்துச் சிரிக்கவும் முடியும். ஆனால் நாள் முழுக்க விடாமல் மனம் இருண்டு, நான் எதற்கும் லாயக்கில்லை, இருக்க வேண்டாம் என்றே தோன்றிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று பிரித்துக் காட்டினார். மாத்திரை உடனே வேலை செய்யாது, இரண்டிலிருந்து நான்கு வாரம் பொறுக்க வேண்டும், முதல் சில நாள் குமட்டல் இருக்கலாம், தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது, குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பதையெல்லாம் நான் கேட்காமலேயே சொன்னார். இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் முதல் வாரத்திலேயே அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பேன். குடித்தால் தூக்கம் வரும் என்று நண்பர்கள் சிலர் அழைத்ததைச் சொன்னபோது, அந்தத் தூக்கம் பாதியில் கலையும், சோர்வும் கூடும் என்று விளக்கினார். மருந்துக்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்.

நடு இரவுகளில் துணையாக இருந்தது 14416 என்ற எண். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அதில் பேசிய சகோதரிகள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம், என் மனைவி எப்படிச் சமைப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இறந்தவளைப் பற்றிப் பேசினால் எனக்கு வருத்தம் வரும் என்று ஊரே அவள் பேச்சைத் தவிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு இந்த மடல் எட்டுமோ எட்டாதோ, நன்றி.

நன்றி என்ற பேச்சைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. காரியம் முடிந்த கையோடு சிலர் என்னிடம், "தங்கமாட்டம் ஒரு புள்ள இருக்குது, சொந்த வீடு இருக்குது, கடன் இல்ல, அதுக்கெல்லாம் சாமிக்கு நன்றி சொல்லுங்க" என்றார்கள். சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இருப்பதை எண்ணிப் பார்க்கும் தெம்பு இல்லாதவனிடம் அதைச் சொன்னால், துக்கத்தோடு நன்றிகெட்டவன் என்ற பட்டமும் சேர்ந்து மனத்தில் ஏறிக்கொள்கிறது. ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத ஒருவர் இதே அறிவுரையைச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கு நன்றியுணர்வு வந்தது, தூக்கம் திரும்பிய பிறகுதான். யாரும் சொல்லாமல் தானாக வந்தது.

கோவையில் விடுதியில் தங்கி உளவியல் படிக்கும் என் மகள்தான் அதற்கு ஒரு வழி காட்டினாள். எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னாள். வாழ்க்கையில் நன்றி பாராட்டத் தக்கவற்றை எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிட மனநிறைவோடு இருப்பதாகத் தெரிவித்தார்களாம். கூடவே, "இதனால வர்ற பலன் கொஞ்சந்தாங்ப்பா, மாத்திரைக்குப் பதிலா இத வெச்சுக்கக் கூடாது" என்று எச்சரித்தாள். அவளுடைய அம்மாவின் கூலிக் கணக்கு நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் இரவில் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். "இறைவா நன்றி" என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. கணக்கு எழுதுவதுபோல்தான் எழுதினேன்: எதிர்வீட்டு அக்கா, பச்சைப்புளி ரசம். சங்கத்துப் பெரியவர், மீட்டர் பார்த்தது. வியாபாரி, பாவு இறக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர், இடம் பிடித்துக் கொடுத்தது. நூல் வந்த பாக்கியும் கூலி வர வேண்டிய பாக்கியும் அவள் கையெழுத்தில் மேலே இருக்க, அதற்குக் கீழே இவை சேர்ந்துகொண்டே போயின. இந்த மடலும் அந்த நோட்டைப் பார்த்தே எழுதப்படுகிறது.

மகளுக்குத் தனியாக நன்றி சொன்னால் சண்டைக்கு வருவாள். தாயை இழந்தவள் அவளும்தான். எனக்காகத் தைரியசாலி வேடம் போடாமல், போனில் என்னோடு சேர்ந்து அழுதாள்; அழுது முடித்ததும், "இன்னிக்கு வாய்க்கால் வரைக்கும் நடந்தீங்களா?" என்று கேட்டாள். அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட விடுதித் தோழிகளுக்கும், காலையில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் என்னோடு நடந்துவந்த ஓய்வுபெற்ற கிராம உதவியாளர் அண்ணனுக்கும் நான் கடமைப்பட்டவன்.

முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் காலையில் எழுந்திருக்க இன்னும் வலு கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையும் தொடரும். தறிகள் ஆறு ஓடுகின்றன. மற்ற இரண்டை ஆள் கிடைத்ததும் ஓட்டலாம் என்றிருக்கிறேன். நான் அரசு மருத்துவமனைக்குப் போய்வருவது ஊருக்குத் தெரிந்த பிறகு, பட்டறைக்காரர்கள் இரண்டொருவர் இரவில் வந்து, எந்தக் கிழமை போக வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டுச் சென்றார்கள். பகலிலேயே வந்து கேட்கலாம். துணைக்கு வரவும் தயாராக இருக்கிறேன்.

முதலாம் ஆண்டு திதியைப் பேரூரில் முடித்துக்கொண்டு, மதியம் வீட்டில் சாப்பாடு வைத்திருக்கிறோம். தேதியை மகள் போனில் தெரிவிப்பாள். பத்திரிகை அச்சடிக்கவில்லை, இந்த மடலையே அழைப்பாக ஏற்றுக் குடும்பத்தோடு வர வேண்டும். சமையலை எதிர்வீட்டு அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார், பாத்திரம் கழுவுவது நானும் ஒடிசாத் தம்பியும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
எட்டுத் தறிப் பட்டறைக்காரன்,
பல்லடம் வட்டாரம்.