லீகோலேண்ட் போகிற பேருந்து கோஷன் ஊருக்குள்ளும் போகட்டும்

நியூஜெர்சி தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2021-இல் லீகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறந்ததிலிருந்து, அது இருக்கும் நியூயார்க் மாநிலத்துக் கோஷன் என்ற பெயர் நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சின்ன ஊருக்குள் போனவர்கள் நம்மில் குறைவு. நானும் இரண்டு முறை வாசலோடு திரும்பியவன்தான். போன ஜூலையில் மகளோடு உள்ளே போனேன். அதனால்தான் இந்த மடல்.

ஊர் நடுவே, மெயின் ஸ்ட்ரீட்டை ஒட்டி, அரை மைல் சுற்றளவில் குதிரைப் பந்தய மண் தடம் ஒன்று இருக்கிறது. ஹிஸ்டாரிக் டிராக் என்கிறார்கள். 1838-இல் தொடங்கியது, இன்றும் ஜூலையில் பந்தயம் நடக்கிறது. 1966-இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இங்கே குதிரை மேல் யாரும் ஏறுவதில்லை. நம் ரேக்ளா போல, இரண்டு சக்கர வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். நாலுகால் பாய்ச்சல் கூடாது. டிராட் பந்தயத்தில் முன் இடது காலும் பின் வலது காலும் சேர்ந்தே எழ வேண்டும். குதிரை பாயத் தொடங்கினால் ஓட்டுபவர் இழுத்துப் பிடித்து நடையைச் சரிசெய்தாக வேண்டும். அதற்குள் மற்றவை முந்திவிடும். வேகத்தை அடக்கிக்கொண்டே வேகமாக ஓடுவதை என் மகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துச் சுகர் லோஃப் ஊரில் 1849-இல் ஓர் ஆண் குதிரைக்குட்டி பிறந்தது. வில்லியம் ரிஸ்டிக் என்ற பண்ணையாள் தாயையும் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்கு வாங்கினார். அந்தக் குட்டிதான் ஹாம்பிள்டோனியன். வளர்ந்தபின் அதற்குப் பிறந்த குட்டிகள் 1,331. இன்று அமெரிக்காவில் வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரைகள் ஏறக்குறைய எல்லாமே அதன் வழிவந்தவை. அதன் பெயரிலான பெரும் பந்தயம் 1930 முதல் 1956 வரை, ஓராண்டு தவிர, கோஷனிலேயே நடந்தது. நடந்தது இந்தத் தடத்தில் அல்ல, குட் டைம் பார்க் என்ற இன்னொரு பெரிய தடத்தில். அதை நடத்திய வில்லியம் கேன் 1956-இல் இறந்தார். மறு ஆண்டே பந்தயம் இல்லினாய்ஸுக்குப் போய்விட்டது. பெரிய தடத்தின் கதை முடிந்தது, சின்னது நிலைத்துவிட்டது. எனக்கு அதில்தான் மனம் நிற்கிறது.

தடத்தை ஒட்டியே, பழைய குதிரை லாயம் ஒன்றில், 1951 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. மழை வந்தாலும் கவலையில்லை.

அடுத்த கோடைச் சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும் முன் பந்தய நாட்களை விசாரித்துவிடுங்கள். லீகோலேண்டுக்குக் காலை, தடத்துக்குப் பிற்பகல் என்று வைத்தால் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா