தெப்பக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

மாசியில் தொடங்கிய தெப்பக்குள வேலை ஆனிக் கடைசியில் முடிந்தது. ஆடிப்பெருக்கை ஒட்டி ஆற்றுத் தண்ணீர் ஏற்றினோம். அறிக்கையை அப்போதே தந்திருக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை குளத்தில் இறங்கிய பிறகு தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் ‘நிறைவு’ என்று எழுத மனம் வரவில்லை. அதனால் தை வரை தள்ளிப்போயிற்று. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. படித்துறைக்கு ஆனதைவிட மேலவீதி மழைநீர்க் காலுக்கு ஏன் அதிகம் ஆனது என்று பலர் கேட்டீர்கள். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கான பதில்தான்.

தண்ணீர் கெட்ட வழி

வேலை தொடங்கும் முன்பு நான்கு படித்துறைகளிலும், மேலவீதி மழைநீர்க் கால் குளத்தில் சேரும் வரத்துக்கால் வாயிலிலும் மாதிரி எடுத்தோம். குளிக்கும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு இது: 100 மி.லி.யில் மலக் கோலிபார்ம் என்ற குடல் பாக்டீரியா 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது. ஐந்து மாதிரியுமே தாண்டின. அவற்றில் மிக மோசம் வரத்துக்கால் வாய். மலக் கோலிபார்ம் எல்லாமே நோய் தருவதில்லை. ஆனால் அது இருப்பது தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்பதன் அடையாளம். மலத்தோடு வாந்திபேதி, சீதபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வரலாம்.

பங்குனி வெயிலில் மழைநீர்க் காலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. காலை ஆறு மணி முதல் எட்டு வரை ஓட்டம் கூடுகிறது, நண்பகலில் நின்றுவிடுகிறது, இரவு ஏழுக்கு மறுபடி வருகிறது. வீடுகளில் குழாய் திறக்கும் நேரம் அது. மூடுகற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தபடி மேலே போனதில் இரண்டு குழாய்கள் அகப்பட்டன. ஒன்று நான்கு வீடுகளின் செப்டிக் டேங்க் வழிவு. இன்னொன்று ஒரு சாப்பாட்டுக் கடையின் பாத்திரம் கழுவும் தண்ணீர். எது எந்த வீட்டுக் குழாய் என்பதைக் கழிப்பறைகளில் சாயப்பொடி கரைத்து ஊற்றி உறுதி செய்தோம்.

‘டேங்க் கட்டியிருக்கிறோமே’ என்று வீட்டுக்காரர்கள் சொன்னதில் பொய் இல்லை. செப்டிக் டேங்க் கசடைப் படியவைக்கும், அவ்வளவுதான், கிருமியைக் கொல்லாது. அதிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும், 100 மி.லி.யில் கோலிபார்ம் லட்சக்கணக்கில் இருக்கும். அது உறிஞ்சுகுழிக்குள் போயாக வேண்டும். நம் தெருவில் கார்த்திகையில் ஐந்தடியிலேயே ஊற்று வந்துவிடுகிறது. அங்கே உறிஞ்சுகுழி தோண்டினால் குழிக்குள் இருப்பது நிலத்தடி நீரோடு நேரே கலந்துவிடும். ஆகவே வழிந்து வருவதை வடிகட்ட அந்த நான்கு வீடுகளுக்கும் பொதுவாக, கொல்லைப்புறத்தில் 30 அடி நீளம், 12 அடி அகலம், 2 அடி ஆழத்தில் தளமும் சுவரும் பூசிய ஜல்லிப் பாத்தி கட்டிக் கல்வாழை நட்டிருக்கிறோம். தண்ணீர் நுழையும் முனையில் இரண்டடிக்குக் கைப்பிடியளவு கருங்கல், மீதி முழுவதும் 20 மி.மீ. ஜல்லி. தண்ணீர்மட்டம் ஜல்லிக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிற்கும்படி வெளிக்குழாயின் உயரம் வைக்கப்பட்டிருக்கிறது. அது மேலே ஏறினால் கொசு வந்துவிடும். பாத்தியிலிருந்து வெளியேறுவது தென்னைக்குப் போகிறது, குளத்துக்கு அல்ல. செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலி செய்யாவிட்டால் கசடு வந்து முன்முனை ஜல்லி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அள்ளிக் கழுவிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வரத்துக்கால் வாயில் மூன்று அறை வண்டல் தொட்டியும், அதற்கு முன்னால் பலகையை இறக்கித் தண்ணீரை மறிக்கும் பலகை மதகும், மறித்த தண்ணீர் வெளியேறப் பக்கவாட்டில் போக்குக்காலும் கட்டியிருக்கிறோம். தொட்டி மணலையும் இலையையும் பிடிக்கும், சாணத்தையும் ஓரளவு பிடிக்கும். கிருமியைப் பிடிக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்குத்தான் மதகுப் பலகை. முதல் மழை தெருவில் கிடக்கும் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும் என்பதால், ஐப்பசியின் முதல் மூன்று பெருமழை முழுக்கப் போக்குக்காலில் போகும். அதன் பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் அரை மணி நேரத் தண்ணீரை உள்ளே விடுவதில்லை.

தூர்வாரியது

அடித்தளம் 130 அடிக்கு 130 அடி. சராசரி இரண்டடி வண்டல் என்ற கணக்கில் 338 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) எடுத்தோம். தண்ணீர் நன்றாக இருந்தால் சேற்றை ஏன் தொட வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. தெளிந்த தண்ணீரில் வெயில் பட்டால் மலக் கிருமிகள் வேகமாகச் சாகும். சேற்றுக்குள் வெயில் போகாது. அங்கே அவை வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விழா நாளில் நூறு பேர் இறங்கிக் கலக்கினால் மேலே வந்துவிடும். பச்சைப் பாசிக்கு உரமாகும் பாஸ்பரசும் அதே சேற்றில்தான் இருக்கிறது.

இந்த வேலையில் ஒரு தவறு நேர்ந்தது. வடகிழக்கு மூலையில் இயந்திரம் வண்டலோடு சேர்த்து அடியில் இருந்த களிமண் அடுக்கையும் கிழித்துவிட்டது. கீழே ஆற்று மணல். சோதனைக்கு ஏற்றிய இரண்டடித் தண்ணீர் நான்கு நாளில் வடிந்துபோனது. அந்த மூலையை மறுபடி காயவைத்து, கட்டி உடைத்த களிமண்ணை மூன்று அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து உருளை ஓட்டி, ஒன்பது அங்குலத்துக்கு இறுக்கினோம். வண்டல் முடிந்து களிமண் தொடங்கும் இடத்தில் நிறம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டிக்கு மாறியிருக்க வேண்டும். கூடுதல் செலவு கணக்கில் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது.

சேற்றில் இறங்கியவர்களுக்கு முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் கட்டாயமாக்கினோம். காலில் புண் உள்ளவர்களையும் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் அந்த வேலைக்கு எடுக்கவில்லை. மீலியாய்டோசிஸ் என்ற நோயின் பாக்டீரியா தென்னிந்திய மண்ணிலும் சேற்றிலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு அது உயிராபத்து. படிக்கல் இடுக்குகளில் முளைத்த அரசங்கன்றுகளையும் ஆலங்கன்றுகளையும் வேரோடு எடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசியது அழகுக்காக மட்டும் அல்ல. அந்த இடுக்குகளில் எலி வளைகள் இருந்தன. எலியின் சிறுநீர் தண்ணீரில் கலந்து, தோல் வெட்டு வழியாக உடம்பில் ஏறுவதுதான் எலிக்காய்ச்சல்.

பிளீச்சிங் பவுடர் கேட்டவர்களுக்கு

இவ்வளவு செய்வதற்குப் பதில் நான்கு மூட்டை பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கலாமே என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தது. கணக்கைப் பாருங்கள். குளம் நிறைந்தால் சுமார் 42 லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 25 சதவீதச் சத்துள்ள புதிய பவுடர் 17 கிலோ போதும். ஆனால் பாசியும் அழுக்கும் உள்ள தண்ணீரில் அந்த ஒரு மில்லிகிராம் கிருமியிடம் போய்ச் சேரும் முன்பே தீர்ந்துவிடும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். பாசி நிறைந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 9ஐத் தொடும், குளோரினின் கொல்லும் திறன் பி.எச். 7.5க்கு மேல் சரசரவென்று குறையும். பவுடரை அள்ளிக் கொட்டினால் முதலில் சாவது மீன். அடுத்து பாசி மொத்தமாகச் செத்து அழுகி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

பாசியிலேயே ஒரு வகை நீலப்பச்சை. பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். அதைக் குளோரினோ மயில்துத்தமோ போட்டுக் கொன்றால், உள்ளே இருந்த நஞ்சு ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கும். கண்ணால் அடையாளம் காண வழி இருக்கிறது. காற்றடிக்கும் பக்கத்துப் படியில் பச்சைப் பெயின்டைக் கொட்டியது போல ஒதுங்கும். குச்சியால் தூக்கினால் நூலாக வருவது சாதாரண இழைப்பாசி. பெயின்ட் போல ஒட்டினால் நீலப்பச்சை என்று சந்தேகப்படுங்கள். கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வைத்தால், மேலே மிதந்து திரள்வது அது. அன்றைக்குப் படித்துறைக் கதவு பூட்டப்படும். மாட்டையும் இறக்கக் கூடாது.

அந்தப் பாசிக்கு உரம் போடுவது நாம்தான். மீனுக்குப் பொரி, வேண்டுதலுக்கு வெல்லம், மாலைகள், சோப்பு. பொரி விற்கும் கடையைக் குளக்கரையிலிருந்து எடுக்கச் சொன்னது சிலருக்கு மனவருத்தம் என்று தெரியும். மாற்றும் எண்ணம் இல்லை.

குளிப்பவர்களுக்கு

தென்கரையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆறு குழாய்கள் வைத்திருக்கிறோம். அதன் கழிவு வெளிப்பக்கம் போகிறது. சோப்பு, சீயக்காய், துணி துவைப்பு எல்லாம் அங்கேதான். குளத்தில் முழுகிவிட்டு வந்தபின் மறுபடி அங்கே ஊற்றிக்கொள்வது நல்லது. பேதி உள்ளவர்களும் ஆறாத புண் உள்ளவர்களும் இறங்க வேண்டாம். தண்ணீரை விழுங்காதீர்கள், தீர்த்தம் என்று வாயில் விட விரும்புவோருக்குக் கோயில் கிணற்றுத் தண்ணீர் தனியாக வைக்கப்படும். பெருமழைக்குப் பின் 72 மணி நேரம் படித்துறை மூடியிருக்கும்.

மூக்கில் தண்ணீர் ஏறும்படி குதிக்கக் கூடாது என்ற பலகை கேரளச் செய்திகளைப் பார்த்து வைத்தது. 2024இல் அங்கே குளத்திலும் ஓடையிலும் குளித்த சிறுவர்களுக்கு மூளையைத் தாக்கும் அமீபா நோய் வந்து உயிரிழப்புகள் நடந்தன. நெக்லேரியா என்ற அந்த அமீபா பாக்டீரியா அல்ல. தண்ணீரைக் குடித்தால் அந்த நோய் வராது, மூக்கு வழியாகத்தான் போகும். வெப்பமான, கலங்கிய, ஆழமில்லாத தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். ஆகவே சித்திரை, வைகாசியில் குளம் மூன்றடிக்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது. நோய் அரிதுதான். ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர் மிகச் சிலர்.

குளித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எலிக்காய்ச்சல் என்ற எண்ணம் அவருக்குத் தாமதமாகத்தான் வரும்.

சோதனை

தண்ணீர் ஏற்றிய பிறகு நான்கு முறை மாதிரி எடுத்தோம். மூன்று முறை 500க்குள் இருந்தது. கார்த்திகைப் பெருமழைக்கு மறுநாள் எடுத்தது 2,500ஐத் தாண்டியது. பெருமழை பெய்த இரவில் மதகுப் பலகையை யாரும் இறக்கவில்லை. 72 மணி நேர விதியை எழுதியது அதன் பிறகுதான்.

மாதிரி எடுக்கும் முறை மாறக்கூடாது. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியைத் தவிர வேறு எதிலும் எடுக்க வேண்டாம். முழங்கால் ஆழத்தில் நின்று, கலங்கல் அடங்கும் வரை பொறுத்து, மூடியின் உட்புறத்தைத் தொடாமல், புட்டியைத் தலைகீழாக ஓரடி ஆழத்துக்கு இறக்கி அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முடிவு வர மூன்று நான்கு நாள் ஆகும் என்பதால், காகிதத்தில் இருப்பது அன்றைய தண்ணீர் அல்ல, சில நாளுக்கு முந்தைய தண்ணீர்.

மாசித் தெப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் அடுத்த மாதிரி எடுக்கப்படும். முடிவு தேதியோடு நான்கு படித்துறைகளிலும் எழுதப்படும். பலகை மதகின் ஒரு சாவி கோயில் அலுவலகத்திலும், இன்னொன்று மேலவீதி முனை வீட்டிலும் இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை இரவுப் பொறுப்பேற்க இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

திருப்பணிக் குழு