செம்பனைக் கட்டையில் ஒரு மஞ்சள் கிறுக்கல்

சுங்கை சிப்புட்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மழையும் முட்டிவலியும் சேர்ந்து பதில் போட விடவில்லை. பேரன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்துவிட்டான். முதல் நாளே பென்சில் டப்பாவைத் தொலைத்தாயிற்று. சரி, நீ கிளப்பிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

"சின்ன உயிரெல்லாம் கணக்குப் போடும் இயந்திரம்தான், அதில் மனசு எங்கே?" என்று கேட்டிருந்தாய். பினாங்குத் தொழிற்சாலையில் முப்பது வருடம் கணினிச் சிப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் வேறு எப்படிப் பேசுவாய்?

வீட்டுக்குப் பின்னால் வெட்டிப்போட்ட செம்பனைக் கட்டையில், முட்டையை உடைத்து ஊற்றியதுபோல் மஞ்சளாக ஒன்று படர்ந்திருந்தது. காலையில் பார்த்த இடத்தில் மாலையில் இல்லை. ஒரு சாண் நகர்ந்துவிட்டது. சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை. மூளை, நரம்பு ஒன்றும் கிடையாது. மொத்தமும் ஒரே செல். இதன் பங்காளி ஒன்று, 2000-இல் ஜப்பானியர்கள் வைத்த புதிர்ப்பாதையில் இரண்டு தீனிக்கும் நடுவே குறுக்குவழியைப் பிடித்தது. 2010-இல் தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள்போல் 36 இடத்தில் தீனி வைத்தார்கள். ஒரு நாள் சொச்சத்தில் ரயில்பாதை மாதிரியே வலை பின்னிவிட்டது. சூட்சுமம் இதுதான்: ஓட்டம் அதிகமுள்ள குழாய் தடிக்கும், மற்றது வற்றிப்போகும். நம் தோட்டத்தில் ஆள் நடந்த ஒற்றையடிப்பாதை அகலமாகி, நடக்காதது லாலான் புல்லில் மறைந்ததே, அதேதான்.

போன இடமெல்லாம் கோழை விட்டுப்போகும்; மறுபடி அந்தப் பக்கம் அநேகமாகப் போகாது. ஞாபகம் உடம்புக்கு வெளியே கிடக்கிறது! எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட ரப்பர் மர நிரைக்குள் போனால், எந்த மரத்தை வெட்டியாயிற்று என்று அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பட்டையில் ஈரமாக நின்ற பாலே சொல்லியது. அதற்காக அவருக்கு மனசில்லை என்பாயா? அந்த மனசில் எத்தனை கடன் இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஆக, கணக்குப் போடுகிறது என்பதால் மனசு வந்துவிடவும் இல்லை, இல்லாமல் போய்விடவும் இல்லை. நீ இயந்திரம் என்று பெயர் வைத்ததும் வழக்கு முடிந்ததாக நினைக்கிறாய். அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை.

ஸ்டென்டர் என்று குளத்தில் வாழும் ஒற்றைச்செல் உயிர், ஊதுகுழல் வடிவம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜென்னிங்ஸ் என்ற விலங்கியலாளர் அதன்மேல் சாயத்தூளை விட்டுக்கொண்டே இருந்தாராம். முதலில் வளைந்து விலகியது. பிறகு மயிரிழைகளைத் திருப்பியடித்து உமிழ்ந்தது. அப்புறம் சுருங்கியது. கடைசியில் பிடியை விட்டு வேறிடம் போய்விட்டது. 2019-இல் வேறு சிலர் செய்து பார்த்து, அது உண்மைதான் என்றார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பக்கத்து வீட்டு ரேடியோவைப் பொறுத்துப் பொறுத்து, கடைசியில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள்மாதிரி இல்லை?

அதற்கு எரிச்சல் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் உன் சிப்பு தப்பாகக் கணக்குப் போட்டால் அதற்கு நஷ்டமில்லை, உனக்குத்தான் ஓவர்டைம். இந்த மஞ்சள் தப்புப்பண்ணினால் காய்ந்து சாகும். மனசைத் தேடுவதென்றால் அந்த நஷ்டத்துக்குப் பக்கத்தில் தேடு மச்சான்.

நேற்று அதற்கு ஓட்ஸ் வைத்துப் பார்த்தேன். எறும்பு தூக்கிப்போய்விட்டது. இன்றைக்குக் கட்டையைச் சுற்றித் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறேன். கொசு வருமென்று மருமகள் முறைக்கிறாள். தீபாவளிக்கு வரும்போது உன் பூதக்கண்ணாடியை எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்