கிழக்கு கேலரியைத் திறந்து, எங்கள் கால்பந்து அணியை ஊரிலேயே நிறுத்தக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
கிழக்கு கேலரி ரசிகர்கள்
(கையெழுத்துத் தாள்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
விளையாட்டரங்கப் பொறுப்பு உயர் அலுவலர் அவர்கள்

பொருள்: கால்பந்து அணி வேறு ஊருக்குப் போகாமல் தடுத்தல், அரங்கத்தின் கேலரியையும் விளக்கையும் பழுதுபார்த்தல், அரசுப் பணம் செலவாகும் முன் எழுத்துமூல ஒப்பந்தம் போடுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டும் கைவசம் உள்ளது.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். முதல் மனுவைத் தங்கள் கையிலேயே கொடுத்தோம். நின்றபடியே முழுவதும் படித்தீர்கள், அதை நாங்கள் மறக்கவில்லை. இரண்டாவதைக் குறைதீர் நாளில் கொடுத்தோம். மூன்றாவதை இணையத்தில் பதிவு செய்தோம். அதற்கு மட்டும் ஒரு பதில் வந்தது: ‘மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி. என்ன முடிந்தது என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேலரி வாசலில் அதே பூட்டுதான் தொங்குகிறது.

அரங்கத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுப்பேற்ற முதல் வாரமே வந்து சுற்றிப் பார்த்தீர்கள். மழைத் தண்ணீர் தேங்கும் மூன்றாம் வாசல், பயிற்சித் திடலை ஒட்டி இடிந்து கிடக்கும் சுவர், படியில் கம்பி வெளியே தெரியும் கிழக்கு கேலரி எல்லாம் தாங்கள் கண்ணால் கண்டவை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. கேலரி உறுதியாக இல்லை என்று பூட்டியது சரி. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நாங்கள் குதிக்கிற கூட்டம், ஏதாவது நடந்த பிறகு அழுவதைவிடப் பூட்டுவது மேல். ஆனால் பூட்டியவர்கள் அதன் பிறகு ஒரு மூட்டை சிமெண்டோடு திரும்பி வர வேண்டாமா?

2. நான்கு விளக்குக் கம்பங்களில் ஒன்று எரிவதில்லை. இந்த வெளிச்சத்தில் இரவு ஆட்டத்தை ஒளிபரப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேலரியும் இல்லை, விளக்கும் இல்லை என்றதும் அணி தன் ஹோம் மேட்ச்களைப் பக்கத்து மாநகருக்குக் கொண்டுபோனது. ‘தற்காலிக ஏற்பாடு, ஒரே ஒரு சீசன்’ என்றார்கள். இப்போது இரண்டாவது சீசனும் முடியப்போகிறது.

3. எங்களை உண்மையில் வாட்டுவது இதுதான். இதை மட்டும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்குகிறது. ஊர் திரும்பக் கடைசி ரயில் 9.20-க்கு. மைதானத்திலிருந்து ஸ்டேஷனுக்கு, வண்டி உடனே கிடைத்தால், 20 நிமிடம். கணக்குப் போட்டால் 70-ஆவது நிமிடத்தில் எழுந்தாக வேண்டும். அதாவது இரண்டு சீசனாக எங்கள் அணியின் கடைசி 20 நிமிடத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. கால்பந்து பார்க்கிற யாரிடமாவது கேளுங்கள், கடைசி 20 நிமிடம் என்றால் என்னவென்று. கால்கள் தளர்ந்து நடுவில் இடைவெளி விழுகிற நேரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேகக்காரப் பையனைப் பயிற்சியாளர் இறக்கிவிடுகிற நேரம். அந்த நேரத்தில் நாங்கள் தெருவில் நின்று வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று சமநிலை. வழக்கம்போல் எழுந்து வந்துவிட்டோம். இரண்டாம் பிளாட்பாரத்தில் 40 பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்றோம். படம் நின்று நின்று வந்தது. எங்கள் விங்கர் பந்தோடு ஓடுகிறார், உள்ளே வெட்டுகிறார், காலைத் தூக்குகிறார். அங்கேயே படம் உறைந்துவிட்டது. திரையில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் அது கோல் என்று தெரிந்தது. அப்போது யாருக்கும் கத்தத் தோன்றவில்லை. எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டிரம் அடிக்கிற தம்பி மட்டும் தோலில் விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டான்.

எங்களோடு வரும் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் ஊர் அணிக்கு கோல் காத்தவர். இப்போது முழங்கால் மடங்காது. படியிறங்க நேரம் பிடிக்கும் என்று அவர் 60-ஆவது நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறார். எங்களுக்கு 20 நிமிடம் நஷ்டம் என்றால் அவருக்கு 30. ஒரு தடவை, ஆனது ஆகட்டும் என்று எல்லோரும் முடியும்வரை இருந்து பார்த்தோம். அடுத்த ரயில் விடியற்காலை 4.30-க்கு. காத்திருப்பு அறையில் உட்காரக்கூட இடமில்லை. இறங்கியதும் அப்படியே வேலைக்குப் போனவர்கள் உண்டு. தாயும் மகளுமாக வந்துகொண்டிருந்த இருவர் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணின் குரல் இல்லாமல் எங்கள் பாட்டு பாதிதான் கேட்கிறது.

இன்னும் ஒன்று உண்டு, வயிறெரிவது அதனால்தான். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் ரசிகர்கள் பக்கம் வந்து, தலைக்கு மேல் கைதட்டி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் வரும்போது எங்கள் பக்கம் காலி. அந்தக் காலி இருக்கைகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ‘இந்த ஊரில் ஆதரவு குறைந்துவிட்டது, வேறு ஊர் பார்ப்பதே வழி’ என்று அணி நிர்வாகம் தங்கள் துறைக்கு ஒரு குறிப்பு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அம்மா, விளக்கைப் பழுதுபார்க்காதது நாங்களா? ரயில் நேரத்தைப் போட்டது நாங்களா? அடுத்த தடவை 70-ஆவது நிமிடத்துக்கு முன்னால் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு படம் போதும்.

4. ‘தற்காலிகம்தானே, கொஞ்சம் பொறுங்கள்’ என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு ஏன் அடிவயிறு கலங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். லண்டனில் விம்பிள்டன் என்றொரு அணி. 1988-இல் இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி. 1991-இல் அது தன் ப்ளவ் லேன் மைதானத்தைவிட்டு, கிரிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் போனது. அங்கேயும் தற்காலிகம் என்றுதான் நினைத்தார்கள். அந்த அணி வீடு திரும்பவே இல்லை. 2002-இல் மூன்று பேர் கொண்ட ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுக்க, 2003-இல் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குப் போய்விட்டது.

அங்கிருந்த ரசிகர்கள் பொதுத்திடலில் ஆள்தேர்வு நடத்தி ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புது அணி கட்டினார்கள். ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி 2011-இல் பெரிய லீகுக்கு ஏறி வந்தார்கள். 2020-இல்தான் ப்ளவ் லேனில் மறுபடி கால் வைத்தார்கள். போனதற்கும் வந்ததற்கும் நடுவே 29 வருடம். எங்கள் பெரியவருக்கு இப்போது 71 வயது. மீதிக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக் கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. இங்கேயே 2019-இல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி கலைந்து, அதன் இடம் ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனது. அந்த ஹைதராபாத் 2022-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையையே வென்றது. கோப்பை வென்றும் ஊரில் தங்கவில்லை. 2025-இல் டெல்லிக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. பழைய டைனமோஸ் ரசிகன் இப்போது எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவான் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

5. பணம். இதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதை மறைக்கவில்லை. நிர்வாகம் கேட்பது அரசு நிலத்தில், அரசுப் பணத்தில் ஒரு புது அரங்கம். இல்லாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்கிறார்கள். ‘கொடுத்தால்தான் என்ன, அணி ஊரில் இருந்தால் போதும்’ என்று எங்களில் பாதிப் பேர். ‘முதலாளி லாபம் பார்க்க நம் வரிப்பணமா’ என்று மீதிப் பேர். மொட்டைமாடியில் கூடிப் பேசிய அன்று, 15 வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று கத்திய இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் கீழே இறங்கினார்கள்.

இந்தச் சண்டை அமெரிக்காவில் பழசு. அவர்களுடைய கால்பந்து வேறு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. ஆனால் முதலாளிகள் ஆடும் ஆட்டம் எங்கும் ஒன்றுதான். சியாட்டிலில் கிங்டோம் என்ற அரங்கத்தை 2000-இல் வெடிவைத்து இடித்தார்கள். அதைப் பழுதுபார்க்க வாங்கிய கடனை மக்கள் 2015 வரை கட்டினார்கள், இல்லாத கட்டடத்துக்கு. செயின்ட் லூயிஸ் நகரம் பொதுப்பணத்தில் அரங்கம் கட்டி ராம்ஸ் அணியை 1995-இல் கூட்டிவந்தது. அரங்கம் எப்போதும் நாட்டின் முதல்தரமானவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி விலகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டு, அதற்கு ஊரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அந்த நிபந்தனை அணிக்குத் திறந்த கதவாகிப்போனது, 2016-இல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. பிறகு வழக்குப் போட்டு 2021-இல் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பணம் வந்தது, அணி வரவில்லை.

ஒஹாயோ மாநிலம் மட்டும் சுதாரித்துக்கொண்டது. கிளீவ்லாண்ட் அணியை அதன் முதலாளி பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக 1995-இல் அறிவித்த பிறகு, அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது: வரிப்பணத்தில் நடக்கும் அரங்கத்தைப் பயன்படுத்தும் அணி கிளம்ப வேண்டுமானால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்கவும் வாய்ப்புத் தர வேண்டும். அதே மாநிலத்தில், நம் மாதிரிக் கால்பந்து ஆடும் கொலம்பஸ் க்ரூ அணியை அதன் முதலாளி ஆஸ்டினுக்கு நகர்த்தப் பார்த்தபோது 2018-இல் மாநில அரசும் நகராட்சியும் இதே சட்டத்தை வைத்துத்தான் நீதிமன்றம் போனார்கள். அணி உள்ளூர் ஆட்கள் கைக்கு வந்தது, அங்கேயே இருக்கிறது.

மொட்டைமாடியில் முறைத்துக்கொண்ட இரு தரப்பும் கடைசியில் இதில் ஒத்துப்போனோம்: முதலாளிக்குச் சொந்தமாகப் போகும் எதற்கும் அரசுப் பணம் வேண்டாம். அரசுக்குச் சொந்தமான கேலரியையும் விளக்கையும் அரசு சரிசெய்யட்டும். சரிசெய்த பிறகு அணி இத்தனை ஆண்டு இங்கேதான் ஆடும், போனால் இவ்வளவு திருப்பிக் கட்டும் என்று எழுதி வாங்கட்டும். வாய்ச்சொல் வேண்டாம். ‘ஒரே ஒரு சீசன்’ என்பதும் வாய்ச்சொல்தான்.

6. எங்கள் கோரிக்கை: கேலரியைப் பழுதுபார்த்து உறுதிச் சான்று வாங்கித் திறக்க வேண்டும். எரியாத கம்பத்தை எரியவைக்க வேண்டும். அணியோடு ஒப்பந்தம் போடும் முன் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதுவரை, பக்கத்து மாநகரில் நடக்கும் ஆட்டங்களையாவது மாலை 5 மணிக்கு மாற்றும்படி தாங்கள் லீகுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒரு கடிதம்தான் அம்மா. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, டெண்டர் தேவையில்லை.

7. பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம். கட்டடம் பார்ப்பவர்கள் அரங்க அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அரங்க அலுவலகம் கட்டடம் பார்ப்பவர்களைக் கை காட்டியது. சாவிக்கே இந்தக் கதி என்றால் கேலரி எப்போது திறக்கும்? கோபத்தில் எழுதுகிறோம் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான். மரியாதையாக மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டோம்.

8. புது அரங்கம் கேட்கவில்லை. ஏ.சி. அறை கேட்கவில்லை. நிழல்கூடக் கேட்கவில்லை. பழைய சிமெண்ட் படி, அதில் நின்று கடைசி விசில் கேட்கும்வரை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வார்த்தை ஏதும் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் நான்காவது முறை எழுதியிருக்க மாட்டோம். இம்முறை குறுஞ்செய்தி வேண்டாம், கையெழுத்திட்ட ஒரு பதில் வேண்டும். ‘முடியாது’ என்று இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கட்டும். அடுத்த சீசன் அட்டவணை போடும் முன் கேலரியைத் திறந்துகொடுக்குமாறு மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிழக்கு கேலரி ரசிகர்கள்

இணைப்பு:
கையெழுத்துத் தாள்கள்
மூன்று ஒப்புகைச் சீட்டுகளின் நகல்
இரண்டு சீசன் ரயில் டிக்கெட்டுகள், ஒரு உறையில்
70-ஆவது நிமிடத்துக்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்று